துங்கு அப்துல் ரஹ்மான் சீமைக்குப் படிக்கப் போன வரலாறு



காலையில் கடை திறந்தது முதல் இரவு கதவு சாத்தும் வரை நாம் எண்ணி எண்ணிக் கல்லாப்பெட்டியில் போடுகிற வெள்ளி நோட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவரின் முகம் இருக்கிறது. அது யாருடைய முகம் என்று கேட்டால், நம்மில் பலர் யோசிக்காமல் துங்கு அப்துல் ரஹ்மான் என்று சொல்லிவிடுவார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு. நோட்டில் இருப்பவர்கள் நெகிரி செம்பிலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள். 1957ல் இந்நாட்டின் முதல் மாமன்னராக அமர்ந்தவர்கள். மஸ்ஜித் இந்தியாவை அடுத்து, நம்மவர் பலர் கடை வைத்திருக்கும் பழைய பத்து ரோட்டுக்கு இப்போது வழங்கும் பெயரும் அவர்களுடையதே. நாம் நினைக்கிற துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் கெடா இளவரசர். நாட்டின் முதல் பிரதம மந்திரி.

பெயர் ஒன்று, ஆள் வேறு. ஆயினும் இந்த இருவருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஒருவர் மன்னராகவும் மற்றவர் மந்திரியாகவும் ஆவதற்கு ஏறக்குறைய 30 வருஷங்களுக்கு முன்னரே, இருவரும் லண்டன் மாநகரில் அயல்நாட்டு மாணவர்களாக இருந்தார்கள். அங்கே மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த ஒரு சிறு சங்கத்தில் ஒருவர் தலைவர், மற்றவர் காரியதரிசி.

என் மகளின் பள்ளிக்கூட வேலைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் டத்தோ ஓன் சாலையிலுள்ள துங்கு நினைவகத்துக்குப் போயிருந்தேன். துங்கு அவர்கள் பிரதமராயிருந்த காலத்தில் குடியிருந்த வீடு அது. அங்கே பார்த்தவையும், அதன் பின் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவையும் என் மனத்தில் ஒரு முள்ளைத் தைத்துவிட்டன. அந்த முள் என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அன்னாரின் வாழ்க்கையைப் பார்ப்போம். மதரஸாவிலும் ஆரம்பப் பாடசாலையிலும் படித்ததோடு கடைக்கு வந்துவிட்டவன் நான். பிழையிருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.

பிறப்பும் பிள்ளைப் பருவமும்

துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் 1903ம் வருஷம் பிப்ரவரி 8ந் தேதி கெடா மாநிலம் அலோர்ஸ்டாரில் பிறந்தார்கள். தகப்பனார் சுல்தான் அப்துல் ஹமீது ஹலீம் ஷா அவர்கள். தாயார் சயாமியக் குடும்பத்தைச் சேர்ந்த சே மெஞ்சலாரா அவர்கள். சுல்தானுக்கு மக்கள் பலர். அத்தனை பேர் நடுவே பிறந்த இந்தப் பிள்ளை ஒருநாள் நாடாளும் என்று அன்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

அரண்மனைப் பிள்ளை தரையில் நடந்து பள்ளிக்கூடம் போகலாகாது என்று ஒரு சேவகர் தோளில் தூக்கிக்கொண்டு போவாராம். பிள்ளைக்கோ அது வெட்கமாக இருந்தது. மனமெல்லாம் கம்பத்துப் பிள்ளைகளோடு வெறுங்காலில் பந்து உதைப்பதிலும் பறவை பிடிப்பதிலும்தான். எல்லாரோடும் சமமாகப் பழகும் அந்தச் சுபாவம் கடைசிவரை அன்னாரை விட்டு நீங்கவில்லை.

பாங்காக், பினாங்கு

அயலூரில் போய்ப் படிக்கும் வாழ்வு அன்னாருக்கு 8 வயதிலேயே ஆரம்பமாயிற்று. 1909 வரை கெடா சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. அவ்வருஷத்து உடன்படிக்கைப்படி அது பிரிட்டிஷார் வசம் வந்தது. ஆனாலும் சயாமோடு பழைய உறவு அறுந்துவிடவில்லை. மூத்த சகோதரர் துங்கு யூசுப் அவர்கள் அப்போது பாங்காக்கில் இருந்தார்கள். 1911ல் துங்கு அவர்களும் சகோதரர்கள் சிலரும் அங்கே அனுப்பப்பட்டார்கள். தேப்சிரின் என்னும் பள்ளிக்கூடத்தில் படிப்பு. பாஷை வேறு, மார்க்கம் வேறு, ஊரோ பெரிய நகரம். எனினும் அண்ணன் வீடு என்று ஓர் இடம் இருந்தது. வீட்டுச் சாப்பாடும் வீட்டுப் பேச்சும் கிடைத்தன. ஆகவே பிள்ளை தாக்குப்பிடித்தது. துங்கு யூசுப் அவர்கள் காலமானதும் 1915ல் தம்பிமார் கெடாவுக்குத் திரும்பினார்கள்.

அதன்பின் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல். 1816ல் ஆரம்பிக்கப்பட்ட, இப்பிரதேசத்தின் மிகப் பழைய ஆங்கிலப் பள்ளிக்கூடம் அது. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இடம். பிற்காலத்தில் பல இனத்தாரையும் ஒரு கூட்டணியில் சேர்த்து வைத்த துங்கு அவர்களுக்கு, அந்தப் பழக்கம் பினாங்கிலேயே வந்துவிட்டது என்று சொல்லலாம். அங்கே படித்தபோதே சீமைக்குப் போய்ப் படிக்கக் கெடா சர்க்காரின் உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1920ம் வருஷம், 17 வயதில், கப்பல் ஏறினார்கள்.

முன் பின் தெரியாத சீமை

இன்று சென்னையில் ஆகாய விமானம் ஏறுகிற மாணவன் நாலு மணி நேரத்தில் சிப்பாங்கில் இறங்கிவிடுகிறான். இறங்கியவுடன் கைபேசியில் தாயாரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். 1920ல் சீமைக்குப் போவது அப்படியல்ல. வாரக்கணக்கில் கடற்பிரயாணம். கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வர மாதங்கள் ஆகும். அங்கே ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், சேதி ஊருக்கு எட்டுவதற்குள் அவர் சுகமடைந்திருப்பார், அல்லது அடங்கியிருப்பார்.

துங்கு அவர்களை முதலில் கொண்டுபோய் வைத்த இடம் லண்டன் அல்ல. ஹன்டிங்டன் பகுதியில் லிட்டில் ஸ்டக்லி என்னும் சின்னஞ்சிறு கிராமம். ஒரு பாதிரியார் வீட்டில் தங்கிப் பாடம் கேட்க ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர்கள் நன்மையைத்தான் நினைத்திருப்பார்கள். கிராமத்தில் இருந்தால் பையன் கெட்டுப்போகமாட்டான், ஆங்கிலம் சீக்கிரம் வரும் என்பது கணக்கு. ஆனால் எந்நேரமும் கூட்டாளிகள் சூழ வளர்ந்த பிள்ளைக்கு அந்தத் தனிமை ஒவ்வவில்லை. குளிரும் மூடுபனியும் போதாதென்று, தன் பாஷையில் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. நம் போன்றவர்க்கு ஒரு கவளம் சோறு இல்லாத நாள் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தொழ வேண்டுமென்றாலும் அந்நாளில் இங்கிலாந்தில் பள்ளிவாசல்கள் அரிது. 1889ல் கட்டப்பட்ட வோக்கிங் பள்ளிவாசல்தான் பேர் பெற்றது. அதுவும் லண்டனுக்கு வெளியே தூரத்தில் இருந்தது. இன்று கோலாலம்பூருக்கு வருகிற முஸ்லிம் மாணவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பாங்குச் சத்தம் கேட்காத தெருவே இங்கு அபூர்வம். அல்ஹம்து லில்லாஹ்.

சிறிது காலத்தில் கிராமத்தை விட்டுக் கேம்பிரிட்ஜ் நகரத்துக்கு மாறி, அங்கே ஓர் ஆசிரியரிடம் தனியாகப் பாடம் கேட்டு, பிரவேசப் பரீட்சையில் தேறினார்கள். 1922ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த செயின்ட் கேதரின்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்தது.

கிடைக்காத அறை

படிக்க இடம் கிடைத்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. கல்லூரி விடுதியில் அறை கேட்டபோது, அது ஆங்கிலேய மாணவர்களுக்கென்று கட்டப்பட்டது என்று மறுத்துவிட்டார்கள் என அன்னாரின் சரிதையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சுல்தானின் பிள்ளை, கட்டணம் கட்ட வழியுண்டு, பரீட்சையில் தேறியாயிற்று. தோலின் நிறமும் பிறந்த நாடும்தான் குறை. மற்றவர்களுக்குக் கல்லூரிக்குள் அறை, அன்னாருக்கு வெளியே ஊருக்குள் வாடகை அறை.

இதைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. படிக்க வந்த பிள்ளைக்கு வகுப்பறை பகலில் சில மணி நேரந்தான். மீதி நேரமெல்லாம் அவன் தங்குமிடத்தில். அங்கே யார் பக்கத்தில் இருக்கிறார்கள், சாப்பிட்டாயா என்று யார் கேட்கிறார்கள், விடியற்காலையில் யார் எழுப்பிவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அவன் படிப்பு. மாணவர் வட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்ட பிள்ளை வேறு சேர்க்கையைத் தேடிக்கொள்ளும். துங்கு அவர்களும் தேடிக்கொண்டார்கள். ரைலி என்னும் வேக மோட்டார் வண்டி ஒன்றை வாங்கி ஊரைச் சுற்றினார்கள். போலீஸார் பலமுறை பிடித்து அபராதம் போட்டார்கள். பந்தாட்டம், நடனம், குதிரைப் பந்தயம் என்று நாள் போயிற்று. பணம் தண்ணீராய் ஓடிற்று.

இவற்றை நான் பழி கூறுவதற்காக எழுதவில்லை. முதிய வயதில் துங்கு அவர்களே பத்திரிகையில் தம் கதையை எழுதியபோது இவற்றை மறைத்ததில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளையும், நல்ல மனமுள்ள பிள்ளையும், கேட்பாரற்ற ஊரில் பாதை விலகக்கூடும் என்பதற்கு இது சாட்சி.

1925ல் பி.ஏ. பட்டம் வந்தது. அடுத்துப் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனில் இன்னர் டெம்பிள் என்னும் சட்ட நிலையத்தில் பெயர் பதிந்தார்கள். பரீட்சையில் தேறவில்லை. மறுபடி எழுதியும் முடியவில்லை.

ஒரு சங்கம் பிறந்தது

அந்த வீணான வருஷங்களில் வீணாகாத காரியம் ஒன்று நடந்தது. நெகிரி செம்பிலான் இளவரசராயிருந்த துவாங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள், 1925ல் தகப்பனாருடன் லண்டனில் நடந்த பெரிய பொருட்காட்சியைப் பார்க்க வந்து, அப்படியே சட்டம் படிக்கத் தங்கிவிட்டார்கள். சீமையில் அங்கங்கே சிதறிக் கிடந்த மலாய் மாணவர்கள் அப்போது கொஞ்சம் பேர்தான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அவர்களைச் சேர்த்து 1920களின் பிற்பகுதியில் பிரிட்டன் மலாய்ச் சங்கம் ஏற்பட்டது. துவாங்கு அவர்கள் தலைவர், துங்கு அவர்கள் காரியதரிசி.

சங்கம் என்றால் பெரிய கட்டடமோ பெரிய நிதியோ இல்லை. புதிதாகக் கப்பலிலிருந்து இறங்குகிறவனுக்கு ஊரைக் காட்டுவது, தெரிந்தவர் வீட்டில் இடம் பார்த்துக் கொடுப்பது, பெருநாளில் ஒன்றுகூடிச் சாப்பிடுவது, ஊர்ச் செய்தியைப் பரிமாறிக்கொள்வது, இவையே அதுபோன்ற சங்கங்களின் வேலை. ஆனால் அங்கே இன்னொன்றும் தானே நடந்துவிடுகிறது. ஊரில் கெடாக்காரர், பேராக்காரர், ஜொகூர்க்காரர் என்று தனித்தனியே நினைத்திருந்தவர்கள், அயலூரில் ஒரே தட்டைச் சுற்றி உட்காரும்போது நாம் எல்லாரும் ஒரு நாட்டார் என்று உணர்கிறார்கள். தனக்குக் கிடைக்காத கதவைப் பிறருக்குத் திறந்துவைக்கும் வேலையைத்தான் அந்தக் காரியதரிசி ஏற்றுக்கொண்டார்கள்.

திரும்பி வந்ததும் மறுபடி போனதும்

துவாங்கு அவர்கள் 1928ல் பாரிஸ்டரானார்கள். துங்கு அவர்களோ 1931ல் பாரிஸ்டர் பட்டமின்றியே ஊர் திரும்பினார்கள். அந்நாளில் சீமைக்குப் போய்ப் பரீட்சையில் தவறி வருவது எவ்வளவு தலைக்குனிவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கெடா சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்து, கூலிமிலும் கோலா நெராங்கிலும் லங்காவியிலும் வேலை பார்த்தார்கள். மலேரியாவும் காடும் நிறைந்த ஜில்லாக்கள். முதல் மனைவியாரை நோய்க்குப் பறிகொடுத்ததும் அக்காலத்திலேதான். குடியானவர் வீடுகளில் தரையில் உட்கார்ந்து பேசி, அவர்கள் குறை கேட்டு, ஜில்லா அதிகாரி என்ற முறையில் நல்ல பெயர் எடுத்தார்கள்.

1938ல் விட்ட படிப்பை முடிக்க மறுபடி லண்டன் போனார்கள். அடுத்த வருஷமே உலக யுத்தம் மூண்டது. படிப்பு மறுபடி பாதியில் நின்றது. ஊர் திரும்பினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் கெடாவுக்குள் நுழைந்தபோது, தகப்பனார் சுல்தானை நாட்டை விட்டு அப்புறப்படுத்தக் காரில் கொண்டுபோனார்கள். துங்கு அவர்கள் வழிமறித்துத் தகப்பனாரைக் குடிகளோடேயே இருக்கச் செய்தார்கள். யுத்தம் முடியும் தறுவாயில், சயாம் மரண ரயில்பாதையிலிருந்து தப்பிக் குற்றுயிராய் வந்தவர்களுக்கு இருப்பிடமும் உணவும் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பாதையில் மாண்டவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்பதை இந்நாட்டார் அறிவார்கள்.

43 வயதில் மாணவர்

1946 டிசம்பரில் துங்கு அவர்கள் மூன்றாம் முறையாகப் படிப்பதற்குக் கப்பல் ஏறினார்கள். வயது 43. வீட்டில் மனைவி மக்கள். கூடப் படித்தவர்கள் நீதிபதிகளாகவும் மன்னராகவும் இருந்தார்கள். அன்னாரோ புத்தகக் கட்டோடு இருபது வயதுப் பிள்ளைகள் நடுவே போய் உட்கார்ந்தார்கள். நாற்பது தாண்டிய நமக்கு இனி என்ன படிப்பு, இனி என்ன புதுப் பழக்கம் என்று சொல்லிக்கொள்கிற நாம் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

யுத்தத்துக்குப் பிந்திய லண்டன் குண்டு விழுந்து சிதைந்த நகரம். ரொட்டிக்கும் இறைச்சிக்கும் பங்கீட்டு அட்டை. அந்தப் பங்கீடு முற்றாக ஒழிய 1954 ஆயிற்று. இந்த முறை துங்கு அவர்கள் பழைய சேர்க்கைகளை விட்டுவிட்டார்கள். ஆனால் ஆட்களை விடவில்லை. அன்னார் தங்கிய இடம் மலாயா மாணவர்கள் கூடும் இடமாயிற்று. சமையலில் விருப்பமுள்ளவர்கள் ஆகையால் பிள்ளைகளுக்குத் தம் கையாலேயே சமைத்துப் போடுவார்கள். 1947ல் பழைய சங்கத்தார் அன்னாரையே தலைவராகத் தெரிந்தெடுத்தார்கள்.

அவ்வருஷம் பகாங்கிலிருந்து 25 வயது வாலிபர் ஒருவர் சட்டம் படிக்க வந்தார். பெயர் அப்துல் ரஸாக் ஹுஸைன். சங்க வேலையில் துங்கு அவர்களுக்கு வலக்கையாய் இருந்தார். மூத்தவர் இளையவரை ஆதரித்தார், இளையவர் மூத்தவரைப் படிக்கத் தூண்டினார். துங்கு அவர்கள் கடைசியில் பரீட்சையில் தேறி, 1949ல் பாரிஸ்டராய் ஊர் திரும்பினார்கள். முதன்முதல் கப்பல் ஏறி 29 வருஷங்கள் ஆகியிருந்தன.

கோலாலம்பூரில்

ஊர் திரும்பியபின் அலோர்ஸ்டாரிலும், பிறகு கோலாலம்பூரிலும் அரசாங்க வழக்கறிஞராக வேலை. அதன்பின் கோலாலம்பூரில் செஷன்ஸ் கோர்ட்டுத் தலைவர். அதற்குள் அரசியல் அழைத்தது. 1951 ஆகஸ்டில் அம்னோ கட்சியின் தலைமை காலியானபோது பலர் கண் அப்துல் ரஸாக் அவர்கள் மேல் இருந்தது. அவரோ தமக்கு வேண்டாமென்று லண்டன் நாளைய மூத்தவரான துங்கு அவர்கள் பெயரை முன்வைத்தார். குளிர்நாட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்ட உறவு இந்த நாட்டின் தலைவிதியைத் தீர்மானித்தது என்றால் அது மிகையல்ல.

அதற்குப் பின் நடந்தவை யாவரும் அறிந்தவை. 1955 தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. 1956 பிப்ரவரி 8ந் தேதி, தம் பிறந்த நாளன்று, துங்கு அவர்கள் லண்டனில் சுதந்திர உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். எந்த நாட்டில் விடுதி அறை கிடைக்கவில்லையோ அந்த நாட்டின் தலைநகரில் உட்கார்ந்து ஒரு நாட்டையே கேட்டு வாங்கி வந்தார்கள். 1957 ஆகஸ்டு 31ந் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் சுதந்திரப் பிரகடனம். அன்று நாட்டின் முதல் மாமன்னராயிருந்தவர்கள் மாணவர் சங்கத்தின் முதல் தலைவர். பிரதம மந்திரியாகப் பிரகடனத்தைப் படித்தவர்கள் அதன் முதல் காரியதரிசி. உதவிப் பிரதமர் அப்துல் ரஸாக் அவர்கள்.

1962ல் மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமானபோது அதன் முதல் வேந்தர் துங்கு அவர்களே. பரீட்சையில் தவறிய மாணவர் மற்றவர்களுக்குப் பட்டம் வழங்கினார்கள். 1960ல் பெர்க்கிம் என்னும் இஸ்லாமிய நல அமைப்பை நிறுவி, இஸ்லாத்தைப் புதிதாகத் தழுவியவர்களுக்கு ஆதரவளித்தார்கள். உற்றார் உறவினர் ஒதுக்கிவிட்ட அத்தகையவர்களும் ஒருவகையில் புது ஊருக்கு வந்தவர்களே.

1969 மே மாதம் கோலாலம்பூரில் நடந்த இனக் கலவரம் அன்னார் நெஞ்சை உடைத்தது. 1970 செப்டம்பரில் பதவியை விட்டார்கள். அதன்பின் முஸ்லிம் நாடுகளின் அமைப்பான ஓ.ஐ.சி.க்கு முதல் பொதுச் செயலாளராக ஜித்தாவில் பணியாற்றினார்கள். அந்த அமைப்பின் ஆதரவையும் பெற்று 1983ல் இங்கே அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. இன்று கோம்பாக்கில் பல நாட்டு மாணவர்கள் படிக்கும் இடம் அதுவே. 2002ல் தொடங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகமும், செத்தாப்பாக்கிலுள்ள அதே பெயர் தாங்கிய இன்னொரு கலாசாலையும் அன்னாரின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. 1990 டிசம்பர் 6ந் தேதி, 87 வயதில், துங்கு அவர்கள் கோலாலம்பூரில் காலமானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிவூன். அலோர்ஸ்டாருக்கு அருகே லங்கார் அரச மையவாடியில் அடக்கமாகியிருக்கிறார்கள்.

நமக்கு என்ன?

நிற்க. இப்போது அந்த முள்ளைப் பற்றிச் சொல்கிறேன்.

எனக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் கடை. மேல்மாடியில் ஓர் அறை உண்டு, வாடகைக்கு விடுவேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு மாலை, நல்ல மழை. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கமிருந்து ஆப்பிரிக்க நாட்டு வாலிபர் ஒருவர் பெட்டியை இழுத்துக்கொண்டு அஞ்சடியில் வந்து ஒதுங்கினார். ஸலாம் சொன்னார். படிக்க வந்திருப்பதாகச் சொல்லிக் கல்லூரிக் கடிதத்தைக் காட்டினார். அறை இருக்கிறதா என்று கேட்டார். வாடகைக்கு விடப்படும் என்ற அட்டை அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, குடும்பத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே தனி ஆளாக வந்த நம்மூர்க்காரர் ஒருவருக்கு அதே அறையைக் கொடுத்தேன்.

சில ஜும்ஆக்கள் கழித்துத் தொழுகை வரிசையில் அந்த வாலிபர் என் பக்கத்தில் வந்து நின்றார். முடிந்ததும் கை கொடுத்துச் சிரித்தார். தூரத்தில் ஓர் இடத்தில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் இருப்பதாகச் சொன்னார். என் பேரில் அவருக்குக் கோபமில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. துங்கு நினைவகத்துக்குப் போய்வந்தபின் அந்தக் கேம்பிரிட்ஜ் கதையைப் படித்தபோது, 1922ல் அறை இல்லை என்று சொன்னவர்கள் வேறு யாருமல்ல, நானேதான் என்று தோன்றிற்று. அவர்களாவது வேற்று மார்க்கத்தார். நான் ஸலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியவன்.

மதீனாவில் நடந்ததை நாம் ஓதியிருக்கிறோம். மக்காவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ அதை வாங்காமல், கடைத்தெரு எங்கேயென்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு வியாபாரத்தில் உயர்ந்தார்கள். புது ஊருக்கு வந்தவனுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது நம் சொத்தில் பாதியல்ல, வழி காட்ட ஓர் ஆள்தான். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து பினாங்கிலும் கிள்ளானிலும் இறங்கியபோது, ஊர்க்காரர் கடையில் சாக்கு மூட்டை மேல் படுத்து உறங்கித்தானே தலையெடுத்தார்கள்? அன்று ஒருவர் இடம் கொடுத்ததனாலேயே இன்று நமக்குக் கடை இருக்கிறது.

வியாபாரிகளாகிய நாம் பெரிய காரியம் எதுவும் செய்ய வேண்டாம். நம் சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் செத்தாப்பாக்கிலும் கோம்பாக்கிலும் யாரிடம் அறை காலியாக இருக்கிறது, வாடகை என்ன, முன்பணம் என்ன என்று அதில் எழுதிவைப்போம். முன்பணம் வாங்கினால் கையெழுத்திட்டு ரசீது கொடுப்போம். தரகர்களிடம் முன்பணம் கொடுத்து ஏமாந்த பிள்ளைகள் அநேகம். கிள்ளானிலிருந்து ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம், எந்தக் கிளினிக்கில் நியாயமாக வாங்குவார்கள், எந்தப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கிடைக்கும் என்பன நமக்கு அற்ப விஷயங்கள். முதல் வாரத்தில் அவர்களுக்கு அவை பொன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று மாணவர்களைக் குறைந்த சம்பளத்துக்குக் கடையில் வைத்துக்கொள்ளும் ஆசை நம்மில் சிலருக்கு உண்டு. கல்லூரி வழியாகக் குடிநுழைவு இலாகாவின் அனுமதி பெற்று, விடுமுறைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேற்படாமல்தான் அவர்கள் வேலை செய்யலாம் என்பது விதி. கல்லாவில் உட்கார வைப்பதற்கும் அனுமதியில்லை. அதை மீறிப் பிடிபட்டால் நமக்கு அபராதத்தோடு போகும். அந்தப் பிள்ளைக்கோ படிப்பே போய்விடும். ஊரில் நிலத்தை அடகு வைத்து அனுப்பிய தகப்பனாரின் கதி என்னாகும்? உதவி என்ற பெயரில் ஒரு பிள்ளையின் வாழ்வைக் கெடுத்த பாவம் நமக்கு வேண்டாம்.

நாம் இடம் கொடுக்கிற பிள்ளை நாளைக்கு மந்திரியாவான் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆகாமலும் போகலாம். பரீட்சையில் ஒருமுறை, இருமுறை தவறினாலும் தவறலாம். துங்கு அவர்களும் தவறினவர்களே. தவறினபோதும் தோள் கொடுக்க நாலுபேர் இருந்தால், 43 வயதிலும் எழுந்து நிற்கலாம் என்பதே அன்னாரின் வாழ்வு நமக்குச் சொல்லும் பாடம்.

என் மேல்மாடி அறை வருகிற மாதம் காலியாகிறது. சங்கத்து நோட்டுப் புத்தகத்தில் முதல் வரியாக அதைப் பதிந்துகொள்ளுமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எந்த நாட்டுப் பிள்ளையாயிருந்தாலும் சரி. அட்டையில் இருந்த குடும்பத்துக்கு மட்டும் என்ற வார்த்தையை அழித்துவிட்டேன். அடுத்த வரியை யார் எழுதப் போகிறீர்கள்?

அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுத்து, நம் கடைகளிலும் வீடுகளிலும் பரக்கத்தைத் தருவானாக. மர்ஹூம் துங்கு அவர்களின் மண்ணறையைப் பிரகாசமாக்குவானாக. ஆமீன்.